முதுகு என்று சொல்லக் கூடாது

ஒரு கால் தரையில் இருந்தது. இன்னொரு கால் காருக்குள் இருந்தது. இடுப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. எழுந்தால் வலித்தது, உட்கார்ந்தால் அதைவிட வலித்தது. அதனால் டிரைவர் இரண்டையும் செய்யாமல், கதவைப் பிடித்துக்கொண்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில் குனிந்து நின்றார்.

கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் இதைக் கொஞ்ச நேரமாகவே கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அப்படி என்ன பாக்கற?"

"டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருக்குண்ணே."

"டயர் பின்னாடி இருக்கு. நீ பாக்கறது பூந்தொட்டி."

டிரைவர் பூந்தொட்டியையே பார்த்தார். வாட்ச்மேன் எழுந்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வயிறா?"

"வயிறுதாண்ணே."

அந்தக் கம்பெனியில் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை. காரணம், அது நாற்காலி செய்கிற கம்பெனி. ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, வங்கி என்று ஜனங்கள் காத்துக் கிடக்கிற இடங்களுக்கெல்லாம் நீள நீளமான இரும்பு நாற்காலிகளைச் செய்து அனுப்பியது. ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் 'முதுகுக்கு நண்பன்' என்று ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். ஒருமுறை பெரிய ஆர்டரோடு வந்த ஒருவர், வரவேற்பறையில் கணக்காளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஆர்டரைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"நாற்காலிக் கம்பெனியில வேலை பாக்கறவனுக்கு முதுகு வலிக்கக் கூடாது. அப்படி வலிச்சா அது வலி இல்ல, துரோகம்."

அன்றிலிருந்து எல்லோருக்கும் வயிறு வலிக்க ஆரம்பித்தது. லீவு கேட்கும்போது வயிறு என்றார்கள். முதலாளி ஊரில் இல்லாதபோதும் பழக்க தோஷத்தில் வயிறு என்றே சொல்லிக்கொண்டார்கள். இத்தனை பேருக்கு வயிறு கெட்டுப்போகிறதே என்று முதலாளி கேன்டீன்காரரை இரண்டு தடவை மாற்றிவிட்டார்.

வாட்ச்மேனும் பிறக்கும்போதே வாட்ச்மேனாகப் பிறந்தவர் இல்லை. முதலாளியின் காரை வருஷக்கணக்கில் ஓட்டியவர் அவர்தான். ஒருநாள் நீண்ட பயணத்தின் நடுவில், மனிதர் களைப்பில் வாய் தவறி, "முதுகு வலிக்குதுங்க, ரெண்டு நிமிஷம் நிறுத்திக்கட்டுமா?" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். முதலாளி தாராளமாக நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலையில் வண்டிச் சாவி கை மாறியது, சம்பளம் பாதியானது, கேட்டருகே ஒரு ஸ்டூல் போடப்பட்டது. ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது. "இதுல சாயவே முடியாது, அதனால உனக்கு முதுகு வலிக்காது" என்று முதலாளியே விளக்கமும் சொன்னார். சம்பளம் பாதியான மாசமே வாட்ச்மேன் தன் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் இப்போது ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள்.

டிரைவருக்கும் ஒரு மகள் இருந்தாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்லூரி. அந்த ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவருக்கு அடிவயிற்றில், இது நிஜமான வயிறு, பயம் பிடித்தது. முதுகு போனால் போகட்டும், அது போனது முதலாளிக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதலாக இருந்தது.

வீட்டில் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே வைத்தியம் சொன்னாள்.

"பெரிய துண்டா எடுத்து நல்லாச் சுருட்டி இடுப்புக்குப் பின்னாடி வெச்சுக்கங்க."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா இந்த மிஷின் முன்னாடி உக்காந்திருக்கேன். எனக்கு முதுகு இருக்கறது உங்களுக்கு எப்பவாவது தெரிஞ்சிருக்கா?"

டிரைவர் துண்டைத் தேடப் போனார்.

வீட்டிலேயே பெரிய துண்டை அவர் எடுத்ததுதான் தப்பு. முதுகு என்னவோ சுகமாகத்தான் இருந்தது. ஆனால் துண்டு அவரை முன்னால் தள்ளியதில் வயிறு ஸ்டியரிங்கில் போய் ஒட்டிக்கொண்டது. மூச்சை இழுத்துவிடும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தியிருந்த நேரத்தில் டிரைவருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மற்ற பக்கத்து வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போகவிட்டு, இவர்களை மட்டும் ஆற அமர நிறுத்திவைத்தார்.

"யாரைப்பா கூப்பிடற?" என்றார் பின்னாலிருந்து முதலாளி.

"இல்ல சார், பட்டுடுச்சு."

"ரெண்டு கையும் மேலதான இருக்கு. என்ன பட்டுது?"

"வயிறு சார்."

"இந்தக் கம்பெனியில எல்லாருக்கும் வயித்துலதான் பிரச்சனை" என்று முதலாளி சலித்துக்கொண்டார்.

துண்டு வீட்டுக்குத் திரும்பியது. அடுத்து, உயரமாக உட்கார்ந்தால் இடுப்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, டிரைவர் ஒரு தடித்த பஞ்சுப் பாளத்தை வாங்கி சீட்டின் மேல் போட்டுக்கொண்டார். தலை கூரையில் இடித்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் உயர்ந்ததும் நடுக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகள் தெரியவில்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்தார். இப்போது வண்டிகளோடு சேர்த்து முதலாளியின் முகமும் முழுசாகத் தெரிந்தது. எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எப்போது முதலாளி நிமிர்ந்து பார்த்தாலும் டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் முதலாளி போனில் பேசுவதை நிறுத்தினார்.

"என் சம்சாரம் உங்கிட்ட ஏதாவது சொல்லி வெச்சிருக்காளா?"

"இல்லியே சார்."

"அப்புறம் எதுக்கு என்னையே பாக்கற?"

"பின்னாடி வர்ற வண்டியைத்தான் சார் பாத்தேன்."

"நான் வண்டி மாதிரியா இருக்கேன்?"

இதற்கு எப்படிப் பதில் சொன்னாலும் வம்பு. மறுநாளிலிருந்து முதலாளி கண்ணாடிக்கு எட்டாத இடமாகப் பார்த்து, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார ஆரம்பித்தார். போதாததற்குச் செய்தித்தாளையும் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டார்.

பஞ்சுப் பாளமும் வீட்டுக்குத் திரும்பியது. மனைவி அதைத் துண்டின் மேல் வைத்தாள். வலி மட்டும் வண்டியிலேயே இருந்தது. டிரைவர் வேறு வழியில்லாமல் வாட்ச்மேனிடம் யோசனை கேட்டார்.

"சீட்டை நல்லாப் பின்னாடி தள்ளி, சாய்ச்சுப் போட்டு ஓட்டு தம்பி. நான் அப்படித்தான் ஓட்டினேன்."

"அப்புறம் என்னாச்சுண்ணே?"

"அப்புறம் இங்க வந்து உக்காந்துட்டேன்."

இதைக் கேட்ட பிறகும் டிரைவர் சீட்டைச் சாய்த்தார் என்றால் அவருடைய வலி எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் சாய்ந்த சீட் நேராகப் போய் முதலாளியின் முழங்காலில் உட்கார்ந்தது. பின்னாலிருந்து முனகல் கேட்டது. தாளைக் கசக்குகிற சத்தம் கேட்டது. "ஸ்ஸ்" என்று பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. டிரைவர் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். முதலாளி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

கேன்டீன் மாறியும் பயனில்லை போலிருக்கிறது, பாவம் மனிதர் என்று டிரைவருக்கு இரக்கம் வந்தது. கண்ணில் பட்ட முதல் பொதுக் கழிப்பறை வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எதுக்கு நிறுத்தின?"

"உங்களுக்கு அவசரமோன்னு..."

"நான் கேட்டேனா?"

"கேக்கல சார். முனகினீங்க."

முதலாளியின் முகம் சிவந்தது. கழிப்பறைக்கு வெளியே நின்றிருந்த இரண்டு பேர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அதில் அவர் முகம் இன்னும் சிவந்தது.

தண்டனை அன்று மத்தியானமே வந்தது. முதலாளியின் அறைக்குப் புதுசாக ஒரு நாற்காலி வந்து இறங்கியிருந்தது. டிரைவர்தான் அதை மாடிக்குத் தூக்கிப்போக வேண்டும் என்று உத்தரவு. அந்த அறைக்கு இப்படி நாற்காலி வருவதும் போவதும் வழக்கம்தான். தோல் வைத்தது வந்தது, வலை பின்னியது வந்தது, மரத்தில் செதுக்கியது வந்தது. எல்லாவற்றையும் முதலாளி சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். நாற்காலிக் கம்பெனி முதலாளிக்கு வெளியிலிருந்து எதற்கு நாற்காலி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற சம்பளம் யாருக்கும் இல்லை.

டிரைவர் புது நாற்காலியை முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனார். பழைய நாற்காலியை முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். அன்று சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

விடுமுறை நாளில் மனைவி அவரைப் பிடிவாதமாக எலும்பு வைத்தியசாலைக்கு இழுத்துப்போனாள். அங்கே காத்திருக்கப் போட்டிருந்தது இவர்கள் கம்பெனி நாற்காலிதான். 'முதுகுக்கு நண்பன்' என்ற தகடு டிரைவரின் முதுகெலும்பில் சரியாகக் குத்தியது.

"நல்ல நாற்காலிங்க இது" என்றார் பிசியோதெரபி பார்க்கிற அம்மா. "இதுல அரை மணி உக்காந்து எழுந்தா, எங்க வலிக்குதுன்னு ஆளுங்க கரெக்டா காட்டிடறாங்க."

துண்டு, பஞ்சு, சாய்வு எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மூணுமே சரிதான், மூணுமே அளவு தப்பு. இடுப்பு உள்ள வளையுது பாருங்க, அந்த இடத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு தாங்கல் போதும். வால் எலும்பு வர்ற இடத்துல ஒரு பள்ளம் இருக்கணும். முழங்கால் இடுப்பு உயரத்துக்கு நிக்கணும். முக்கியமா, அப்பப்ப இறங்கி நாலு அடி நடக்கணும்."

"இறங்கி நடந்தா அப்படியே கேட்டு வரைக்கும் நடக்க வெச்சிடுவாங்க மேடம்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, வண்டி ஓட்டுகிற மாதிரி கையை நீட்டச் சொன்னாள். சட்டையைக் கழற்றி, முதுகில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பால் அளந்தாள்.

"கல்யாணம் ஆனதுலேந்து இன்னைக்குத்தான் உங்க முதுகை இவ்வளவு நேரம் பாக்கறேன்."

"எப்படி இருக்கு?"

"வளைஞ்சிருக்கு. எல்லாருக்கும் குனிஞ்சு குனிஞ்சு."

சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் கையை அந்த வளைவிலேயே வைத்திருந்தாள். டிரைவருக்கு அழுகை மாதிரி ஒன்று வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சமாளித்தார்.

பஞ்சுப் பாளத்தை வெட்டினாள். பெரிய துண்டை நறுக்கினாள். மிச்சத் துணிகளை அடுக்கி, தேவையான இடத்தில் மேடும் தேவையான இடத்தில் பள்ளமும் வைத்து ஒரு மெத்தை தைத்தாள். மெத்தை என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கார் சீட்டின் அதே சாம்பல் நிறத்தில் துணி தேடி உறை போட்டாள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கடைசியில் அவளே வண்டி ஷெட்டுக்கு வந்து, நகராமல் இருக்க அதை சீட் உறையோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் போனாள். வாட்ச்மேன் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் செய்த உதவிகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மறுநாள் டிரைவர் வண்டியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பாமலே இருந்தார். வலி வருமென்று காத்திருந்தார். வரவில்லை. நாற்சந்தியில் வரவில்லை, மேடு பள்ளத்தில் வரவில்லை, முதலாளி வழக்கம்போல் மூன்று இடம் சுற்றிவிட்டு வந்த பிறகும் வரவில்லை. சாயங்காலம் வண்டியிலிருந்து இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் இறங்கின. பூந்தொட்டியை அன்று அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வயிறு எப்படி?" என்றார் வாட்ச்மேன்.

"வயிறே இல்லண்ணே" என்று டிரைவர் சிரித்தார்.

ஒரே ஒரு நாள் பகீரென்றது. முதலாளி முன்பக்கம் வைத்த பையை எடுப்பதற்காக டிரைவர் சீட்டில் கையை ஊன்றிக் குனிந்தார். ஊன்றிய கையை எடுக்கவில்லை. ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"உறை கிழிஞ்சிருந்தது சார். வீட்ல தெச்சுக் குடுத்தாங்க."

"ம்" என்றார் முதலாளி. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு ஒன்றும் நடக்காததால் தைரியம் வந்தது. தைரியம் வந்ததால், பிசியோதெரபி அம்மா வரச் சொன்ன நாளில் அவர் முதல் தடவையாக லீவு கேட்டார்.

"என்ன விஷயம்?"

"வயிறு சார்."

"சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றார் முதலாளி, ஆச்சரியமாகக் கோபமில்லாமல்.

வைத்தியசாலையில் 'முதுகுக்கு நண்பன்' வரிசையில் கடைசியாக ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் கொஞ்சம் இறங்கியதும் ஆள் யாரென்று தெரிந்தது. கம்பெனிக் கணக்காளர்.

"என்ன இங்க?" என்றார் கணக்காளர்.

"வயிறு சார். உங்களுக்கு?"

"எனக்கும் வயிறுதான்."

எலும்பு வைத்தியசாலையில் இரண்டு பேரும் அதற்கு மேல் பேச விஷயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் டிரைவருக்கு நிம்மதி இல்லை. "அந்த ஆளு போட்டுக் குடுத்துடுவான்" என்றார். "அவருக்கும்தான் வலி, அவரு எப்படிச் சொல்வாரு?" என்றாள் மனைவி. "தனக்கு வலின்னா சொல்ல மாட்டான். எனக்கு வலின்னா சொல்லுவான்" என்றார் டிரைவர். ஆபீஸ் பழக்கம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

மறுநாள் காலை ஷெட்டில் கார் இல்லை.

வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டிரைவரைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த விதமே சரியில்லை.

"வண்டி எங்கண்ணே?"

"தம்பி, உள்ள போகாத. இனிமே வர வேண்டாம்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. கேட்ல இன்னொரு ஆளா வெச்சுக்கலாமான்னு நானே கேட்டுப் பாத்தேன். ஒரு ஸ்டூலுக்கு ரெண்டு பேர் எதுக்குன்னுட்டாரு."

டிரைவருக்கு முதலில் கணக்காளரின் முகம் ஞாபகம் வந்தது. அப்புறம் மகள் முகம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை, பேச்சு மட்டும் வந்தது.

"கணக்காளர் சொன்னாரா? பொய்ண்ணே. நான் அங்க போனது வயித்துக்குத்தான். என் முதுகு கல்லு மாதிரி இருக்கு. நீங்களே சொல்லுங்க, இந்த ரெண்டு வாரமா நான் எப்படி இறங்கறேன்? என் முதுகுல ஒண்ணும் இல்லன்னு நீங்க அவர்கிட்ட சொல்லணும்."

"தம்பி, நான் சொல்றதைக் கேளு."

"சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க கண்ணால பாத்துட்டுப் போய்ச் சொல்லுங்க."

வாட்ச்மேன் தடுப்பதற்குள் டிரைவர் குனிந்து அந்தப் பூந்தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். தொட்டி முழங்கால் வரை வந்தது. அங்கே எதுவோ 'டக்' என்றது. தொட்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. டிரைவரும் அப்படித்தான். செடி அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாண்ணே" என்றார் இலைகளுக்கு நடுவிலிருந்து. "வலிக்கவே இல்ல. சத்தியமா வலிக்கவே இல்லண்ணே. இதைப் போய்ச் சொல்லுங்க."

வாட்ச்மேன் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தொட்டியை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

"உன் முதுகைப் பத்தி யாரு தம்பி பேசினா? நேத்து நீ இல்லன்னு அவரே வண்டியை எடுத்துட்டுப் போனாரு, அந்த மெத்தையில உக்காந்ததும் பல வருஷமா யாருக்கும் தெரியாம வெச்சிருந்த முதுகு வலி பறந்து போயிடுச்சாம், இனிமே டிரைவர் வேண்டாமாம், மெத்தை மட்டும் போதுமாம்."